ஆட்டத்துக்கு ஆள் வேணும்! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மல்ட்டிபிளேயர் விளையாட்டுகளில் ஆள் சேர்க்கிற முறைகளைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. தானாக அணி அமைத்துக் கொடுக்கும் மேட்ச்மேக்கிங் நல்லதா, நாமே ஆள் பிடித்துக் குழு சேர்வது நல்லதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற கேள்வி. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பல வருஷமாக டேங்க் ஆடுகிறவன், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியை வாங்கிக்கொள்கிற ஆள். அந்தச் சாய்வு பதில்களில் தெரியத்தான் செய்யும்.

கேள்வி: 2009-க்கு முன்னால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் டன்ஜன் (ஐந்து பேர் குழுவாகப் போய் எதிரிகளை முடிக்கிற இடம்) போக வேண்டுமானால் சாட்டில் கத்திக் கத்தி ஆள் சேர்ப்போம். இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் குழு தயார். ஆனால் யாரும் ஒரு ‘ஹாய்’கூடச் சொல்வதில்லை. மேட்ச்மேக்கிங்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறேன் நான். ‘உனக்கு வயசாயிடுச்சு’ என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
– பழைய ப்ரீஸ்ட் ஒருவர்

தம்பி பாதி சரி, நீங்கள் பாதி சரி. ஆனால் குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்.

முதலில் தம்பியின் கட்சி. தலைநகரில் நின்றுகொண்டு ‘ஹீலர் ஒருவர் தேவை, வந்தால் உடனே கிளம்பலாம்’ என்று அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்த நாட்கள் எனக்கும் நினைவிருக்கின்றன. காயம் ஆற்றுகிற அந்த ஹீலர் வந்து சேரும்போது, அதுவரை பொறுமையாக நின்ற ஹன்ட்டர் ‘சாப்பிடக் கூப்பிடறாங்க’ என்று கழன்றுகொள்வார். மறுபடி ஹன்ட்டரைத் தேடு. ஐந்து பேரும் சேர்ந்ததும் யாராவது இருவர் டன்ஜன் வாசல்வரை ஓடி, அங்கிருக்கும் கல்லைத் தொட்டு மற்றவர்களை வரவழைக்க வேண்டும். உள்ளே போனால் ஒருவருடைய கவசம் நைந்து போயிருக்கும். ரிப்பேர் பண்ண மறந்திருப்பார். ராத்திரியில் ஒரு மணி நேரம் மட்டுமே ஓய்வு கிடைக்கிறவர் முதல் பெரிய எதிரியான பாஸைக்கூடப் பார்க்காமல் தூங்கப் போவார். பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் உள்ளே போய் வந்தவர்கள். வாசலோடு திரும்பியவர்கள் எதுவும் எழுதுவதில்லை.

இப்போது உங்கள் கட்சி. 2005-லேயே அந்த விளையாட்டில் தானாகக் குழு சேர்க்கும் வசதி இருந்தது தெரியுமா? வாசலில் இருந்த அதே கல்லிடம் போய்ப் பதிவு செய்தால் அது ஆள் சேர்க்கும். அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. பிறகு அந்தக் கல்லை ஆட்களை வரவழைக்கும் கல்லாகவே மாற்றிவிட்டார்கள். ஆக, இயந்திரம் ஆள் சேர்ப்பது 2009-ல் பிறந்த சமாச்சாரம் அல்ல. அந்த டிசம்பரில் 3.3 பேட்ச் என்ற புதுப்பிப்போடு டன்ஜன் ஃபைண்டர் என்ற தானியங்கி ஆள் சேர்ப்பு வந்தபோது கூடவே மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. உங்கள் சர்வரை (ஆட்டக்காரர்களைப் பிரித்து வைத்திருக்கும் தனித்தனி உலகங்களில் ஒன்று) தாண்டி மற்ற சர்வர்களிலிருந்தும் ஆள் எடுத்தது. எங்கே நின்றாலும் நேராக டன்ஜனுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. ரேண்டமாகப் போனால் தினசரி கூடுதல் பரிசும் கொடுத்தது.

என் கண்ணுக்கு விஷம் முதலாவதில்தான் இருந்தது. ஒரே சர்வருக்குள் இருந்தவரை, பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ரோக் பாத்திரக்காரரின் பெயர் மறுநாளே நாலு கில்டுக்கு, அதாவது நிரந்தரக் குழுக்களுக்கு, தெரிந்துவிடும். நிதானமாக ஹீல் செய்த ப்ரீஸ்டுக்கு அடுத்த நாள் வேலை முடிந்து லாகின் பண்ணியதும் ‘வர்றீங்களா?’ என்று தனிச்செய்தி வரும். (உங்களுக்கும் வந்திருக்கும், ப்ரீஸ்டுகளைத் தூங்கவே விட்டதில்லையே நாங்கள்.) சர்வர் எல்லை போனதும் அந்தக் கணக்கு மொத்தமும் போனது. அதைவிடக் கொடுமை, அடுத்த சர்வர்க்காரர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் 2009-ல் அவரை நண்பர் பட்டியலில் சேர்க்கவே வழியில்லை. குழு கலைந்தால் அவருக்கு ஒரு செய்தி அனுப்பக்கூட முடியாது. ரியல் ஐடி என்ற பெயரில் அதற்கு ஒரு வழி வந்தது 2010-ல்தான். ரயில் சிநேகம் என்பார்களே, அதுகூட இல்லை இது. ரயிலில் இறங்கும்போது போன் நம்பராவது வாங்கிக்கொள்ளலாம்.

மறுபடி பார்க்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த மனிதரிடம் யார் நின்று பேசுவார்கள்? பேச்சு செத்தது அங்கேதான்.

இன்னொரு விளையாட்டில், பெயர் வேண்டாம், போன மாதம் பார்த்ததைச் சொல்கிறேன். க்யூவில், அதாவது தானியங்கி வரிசையில், கிடைத்த குழு. டேமேஜ் (எதிரியை அடிப்பதே வேலை) ஆடிய ஒருவர் வழி தெரியாமல் இரண்டு இடத்தில் தயங்கி நின்றார். மூன்றாவது இடத்தில் திரையில் ஒரு பெட்டி எழும்பியது: ‘இவரை வெளியேற்றலாமா? ஆம் / இல்லை.’ காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. நான் ‘இல்லை’யை அழுத்துவதற்குள் மற்றவர்கள் ‘ஆம்’ போட்டுவிட்டார்கள். ஆள் மறைந்தார், அரை நிமிஷத்தில் வேறொருவர் அதே இடத்தில் முளைத்தார். ‘அந்தப் பக்கம் இல்லைங்க, இடது பக்கம்’ என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அதைத் தட்டச்சு செய்ய ஆகிற நேரம்தான் வெளியேற்றவும் ஆனது.

ஆனால் இதே இயந்திரம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அது புதுப்பிறவி எடுத்ததிலிருந்து தானியங்கி டியூட்டி ஃபைண்டர் இருக்கிறது. அதே வருஷக் கடைசியில், நாமே விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கிற பார்ட்டி ஃபைண்டரும் வந்தது. அங்கே க்யூவில் போகும்போது குழுவில் யாராவது முதல் முறை வந்திருந்தால், ‘இந்த இடத்தை இன்னும் முடிக்காதவர் ஒருவர் இருக்கிறார்’ என்று ஆரம்பத்திலேயே அறிவிப்பு வரும். அவரோடு சேர்ந்து முடித்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. முடிவில் கூட ஆடியவர்களில் ஒருவருக்குப் பாராட்டும் போடலாம். வழி தெரியாதவர் அங்கே தொல்லை இல்லை, போனஸ். அதனால் புதியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் கூச்சப்படுவதில்லை. கதையை நகர்த்த வேண்டுமானால் பழைய டன்ஜன்களைக் கட்டாயம் முடித்தாக வேண்டிய விளையாட்டு அது. ஏதாவது ஒரு டன்ஜனுக்கு ரேண்டமாக அனுப்புகிற ரூலெட் க்யூ இல்லாவிட்டால் இன்றைக்குப் புதிதாகச் சேருகிறவருக்குப் பத்து வருஷப் பழைய டன்ஜனுக்கு எந்த மனிதர் துணை வருவார்?

2019-ல், பழைய வடிவத்தை மீட்டெடுத்த வார்கிராஃப்ட் கிளாசிக் டன்ஜன் ஃபைண்டர் இல்லாமல் வந்தது. நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. சாட்டில் ஓடுகிற விளம்பரங்களைப் பொறுக்கி எடுத்துப் பட்டியலாகக் காட்டும் ஆட்-ஆன் என்ற துணை நிரல்களை எழுதிப் போட்டுக்கொண்டார்கள். கத்துவது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பது மட்டும் பிடித்திருந்தது. 2022-ல் வந்த அதன் பிந்தைய கட்டமான ராத் கிளாசிக்கிலும் ரேண்டம் டன்ஜன் ஃபைண்டர் கிடையாது என்று ஆரம்பித்து, 2023-ல் சேர்த்துவிட்டார்கள். தம்பிக்கு இதைக் காட்டாதீர்கள், ஜெயித்துவிட்டேன் என்பான்.

கேள்வி: நான் ஹீலர். க்யூ போட்டால் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அழைப்பு வந்துவிடுகிறது. டேமேஜ் ஆடும் என் நண்பன் அரை மணி நேரம் காத்திருக்கிறான். அவன் மேல் கம்பெனிக்கு என்ன கோபம்?
– கல்லூரி மாணவி

கோபம் எல்லாம் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. ஐந்து பேர் குழுவுக்கு ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ் வேண்டும் என்று வையுங்கள். க்யூவில் 100 பேர் நிற்கிறார்கள்: 10 டேங்க், 15 ஹீலர், 75 டேமேஜ். பத்துக் குழுதான் அமையும், ஏனென்றால் டேங்க் பத்துதான். அதில் 30 டேமேஜ் உள்ளே போவார்கள். ஐந்து ஹீலரும் 45 டேமேஜும் வெளியே. உங்கள் நண்பர் அந்த 45-ல் ஒருவர். இயந்திரத்தை எவ்வளவு புத்திசாலியாக்கினாலும் இல்லாத டேங்கை அதனால் பெற்றெடுக்க முடியாது.

வார்கிராஃப்ட் 2011-ல் இதற்குக் கூலி கொடுத்துப் பார்த்தது. எந்த ரோலுக்குப் பஞ்சமோ அதில் வருகிறவருக்குக் கூடுதல் பரிசுப் பை. அப்போது டேங்க் ஆட வந்தவர்களில் பலருக்குப் பை மேல்தான் கண். அவர்களோடு ஆடியதை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. துப்பாக்கி விளையாட்டான ஓவர்வாட்ச் 2019-ல் ரோல் க்யூ (வேலைவாரி வரிசை) கொண்டுவந்து இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் (ஹீலர் வகை) என்று கட்டிப்போட்டது. டேமேஜ் வரிசை நீண்டது. 2022-ல் ஓவர்வாட்ச் 2-க்கு வந்தபோது அணியே ஐந்து பேராகி, டேங்க் ஒன்றாகக் குறைந்தது.

நண்பருக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அவரைத் தனியாக நிறுத்தாமல் உங்கள் பார்ட்டியில் சேர்த்து க்யூ போடுங்கள்; ஹீலரோடு வருகிற டேமேஜ் வேகமாக நகர்வார். ஒரு டேங்கையும் பிடித்துவிட்டால் காத்திருப்பே இருக்காது. உலகத்தில் நல்ல டேங்குகளுக்கு நண்பர்கள் குறைவில்லாமல் இருப்பது எங்கள் குணத்துக்காக அல்ல என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: மொபைலில் நாலு பேர் அணியாக ஆடும் ஸ்க்வாட் மேட்ச் ஆடுகிறேன். நான் தனி ஆள், மூன்று ரேண்டம் (முன்பின் தெரியாத ஆட்கள்) கிடைக்கும். எதிரே வருவது மைக் போட்டுப் பேசிக்கொண்டு ஆடும் நாலு பேர் கூட்டு. இது என்ன நியாயம்?
– தனி ஆள்

நியாயம் இல்லை. உங்கள் எரிச்சலுக்குக் கணக்கு ஆதாரமே இருக்கிறது.

ஆட்டக்காரரின் திறமையை எண்ணாக்கி மேட்ச்மேக்கிங் பயன்படுத்துகிற திறமைப் புள்ளி முறைகள் பெரும்பாலும் சதுரங்கத்திலிருந்து வந்தவை. ஆர்பாட் ஈலோ என்பவரின் முறையை அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும் உலகக் கூட்டமைப்பு ஃபிடே 1970-லும் எடுத்துக்கொண்டன. அது ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். அணி ஆட்டத்துக்கு என்று மைக்ரோசாஃப்ட் ட்ரூஸ்கில் என்ற முறையை உருவாக்கி, 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியில் பயன்படுத்தியது. அதில் அணியின் பலம் என்பது உறுப்பினர்களின் தனித்தனிப் பலத்தின் கூட்டுத்தொகை. நாலு அந்நியர்களும், தினமும் சேர்ந்து ஆடுகிற நாலு பேரும், தனிப் புள்ளிகள் ஒன்றாக இருந்தால் அதன் கணக்கில் சமம்! ‘நான் இடப்பக்கம் சுற்றுகிறேன், நீ புகை போடு’ என்பதற்கு அந்தக் கூட்டலில் இடமே இல்லை.

2018-ல் வெளியான ட்ரூஸ்கில் 2 இதைத் திருத்தியது. ஒருவர் தனியாக வந்திருக்கிறாரா, கூட்டோடு வந்திருக்கிறாரா என்பதும் கணக்கில் சேர்ந்தது. எத்தனை பேரை வீழ்த்துகிறார், எவ்வளவு அனுபவம், பாதியில் ஓடுகிற ஆளா என்பனவும் சேர்ந்தன. ஹேலோ 5 என்ற துப்பாக்கி விளையாட்டின் ஆட்டங்களை வைத்துப் பார்த்தபோது யார் ஜெயிப்பார் என்று பழைய முறை சரியாகச் சொன்னது 52 சதவீதம், புதியது 68. பழையதற்குப் பதில் நாணயத்தைச் சுண்டிப்போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்திருக்கும்.

சரி, தனி ஆட்களுக்குத் தனி வரிசை வைத்தால் என்ன? வைக்கலாம், ஆள் நிறைய இருந்தால். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற அணி விளையாட்டு 2016-ல் எதிர்ப் பக்கம் போய்ப் பார்த்தது: தரவரிசைக்கான ரேங்க் ஆட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்தும் வரலாம் என்று ஒரே வரிசையாக்கியது. தனியாக ஆடுகிறவர்கள் விடவில்லை. தனி ஆளும் ஜோடியும் மட்டும் வருகிற வரிசை 2017-ல் திரும்பி வந்தது; கூட்டமாக வருகிறவர்களுக்கு வேறு வரிசை. பிரச்சினை என்னவென்றால், ஒரு வரிசையை இரண்டாக்கினால் இரண்டிலும் ஆள் பாதியாகிவிடும். நடு ராத்திரியில், சின்ன விளையாட்டில், அது காத்திருப்பை இழுத்துவிடும். அல்லது உங்களைவிட மிகவும் மேலே இருப்பவரோடு மோதவிடும்.

உங்களுக்கு என் யோசனை: மூன்று ரேண்டமில் எவராவது ஒருவர் நீங்கள் விழுந்ததும் ஓடிவந்து தூக்கிவிட்டிருப்பார். ஆட்டம் முடிந்த கையோடு அவருக்கு நண்பர் அழைப்பு அனுப்புங்கள். குறி பார்த்துச் சுடுகிறவரைவிடத் தூக்கிவிட வருகிறவர்தான் கிடைப்பது அரிது.

கேள்வி: நாலு மேட்ச் ஜெயித்தால் அடுத்த நாலு கட்டாயம் தோற்கிறேன். என்னை வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்களா?
– சந்தேகப் பேர்வழி

இந்தக் கேள்வி மட்டும் பல பேரிடமிருந்து வந்திருக்கிறது.

நீங்கள் ஜெயித்தால் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் எதிராளியின் தரமும் ஏறும், தோற்பீர்கள். ஈலோ கணக்கில் 200 புள்ளி மேலே இருப்பவர் சராசரியாக நூற்றுக்கு 76 அளவுக்கு எடுப்பார். 400 மேலே என்றால் பத்துக்கு ஒன்று என்ற விகிதம். சமமானவர்களைச் சேர்ப்பதுதான் இயந்திரத்தின் வேலை என்றால், உங்கள் வெற்றி பாதிக்குப் பாதியில் வந்து நிற்பதுதான் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சதி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. புதியவரை, நல்ல துப்பாக்கி வைத்திருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரோடு மோதவிட்டால் அவரும் அந்தத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கத் தூண்டப்படுவார் என்கிற ரீதியில் ஒரு மேட்ச்மேக்கிங் காப்புரிமையை ஆக்டிவிஷன் 2015-ல் விண்ணப்பித்து 2017-ல் பெற்றது. எந்த விளையாட்டிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது. அதை நம்புவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நாமே ஆள் சேர்த்து, எதிரணியையும் நாமே கூப்பிட்டு ஆடும் கஸ்டம் ரூமில் இந்தக் கவலை கிடையாது. அங்கே தோற்றால் தோற்றதுதான்.

கேள்வி: எதிரில் வருகிறவன் மனுஷனா, ‘பாட்’டா (கணினியே ஆட்டுவிக்கும் ஆள்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– புதுமுகம்

நேர்கோட்டில் ஓடிவந்து, சுடப்பட்டதும் நின்று யோசித்தால் பாட். ஃபோர்ட்நைட் 2019-ல் பாட்களைச் சேர்ப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. புதியவர்கள் முதல் நாளே நொந்துபோகாமல் இருக்கத்தான். முதல் வாரம் சந்தோஷமாகச் சுடுங்கள்.

கேள்வி: கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆகிய துப்பாக்கி விளையாட்டுகளின் காலத்தில் சர்வர் பட்டியல் (ஆட்டம் நடக்கும் கணினிகளின் பட்டியல்) இருந்தது. பிடித்த சர்வரில் போய் உட்காருவோம். அது மேட்ச்மேக்கிங்கும் இல்லை, குழுவும் இல்லை. அதை ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்?
– நாற்பதைத் தாண்டியவர்

மறக்கவில்லை சார். இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையதுதான்.

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் நீண்ட பட்டியல். சர்வரின் பெயர், இப்போது ஓடுகிற மேப், 23/24 என்று ஆள் கணக்கு, கடைசிக் கட்டத்தில் பிங், அதாவது அந்தச் சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகிற தாமதம். பிங் குறைவாக இருப்பதில், ஒரே ஒரு இடம் காலியாக இருக்கும் சர்வரைக் குறிவைத்து அழுத்தினால், அதற்குள் வேறொருவர் புகுந்து ‘சர்வர் நிரம்பிவிட்டது’ என்று வரும். விடாமல் அழுத்திக்கொண்டே இருப்போம். உள்ளே போனால் தெரிந்த பெயர்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் அதே மூலையில் ஸ்னைப்பரோடு படுத்திருப்பவர். கெட்ட வார்த்தை வந்தால் உடனே வெளியேற்றுகிற அட்மின், அவரே தோற்றுக்கொண்டிருந்தால் கொஞ்சம் சீக்கிரமாக வெளியேற்றுவார். யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அணியில் ஆள் குறைந்தால் ஒருவர் எழுந்து அந்தப் பக்கம் போவார். திறமை ஏற்றத்தாழ்வு பயங்கரமாக இருக்கும். ஆனாலும் உங்களை மூன்று முறை சுட்டவர் நாலாவது முறை கத்தியை எடுத்துக்கொண்டு வருவார், உங்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்க. அந்தச் சலுகையை எந்தக் கணக்கும் கொடுக்காது.

மாற்றம் கன்சோலில் தொடங்கியது. 2004 நவம்பரில் வந்த ஹேலோ 2 பட்டியலை ஒதுக்கிவிட்டு, ‘எந்த வகை ஆட்டம் வேண்டும் என்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றது. பழுது சொல்ல முடியாது. டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்கார்ந்தவருக்குப் பிங் கட்டம் எதற்கு? அதே ஹேலோ 2-தான் நண்பர்கள் பார்ட்டியாகவே ஒரு ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்குக் கலையாமல் போகும் வசதியையும் பிரபலமாக்கியது, அதையும் சொல்ல வேண்டும். 2009-ல் மாடர்ன் வார்ஃபேர் 2 கணினியிலும் தனி சர்வர்களை எடுத்துவிட்டு மேட்ச்மேக்கிங்கைக் கொண்டுவந்தபோது கணினிக்காரர்கள் கொதித்தார்கள். மனு எழுதினார்கள், வாங்க மாட்டோம் என்றார்கள். பலர் வாங்கினார்கள். டீம் ஃபோர்ட்ரஸ் 2-ல் 2016 ஜூலையில் கேஷுவல் மேட்ச்மேக்கிங் முன்வாசலுக்கு வந்தது. சர்வர் பட்டியல் இன்னும் இருக்கிறது, ஆனால் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும். புதியவர் தற்செயலாக வந்து விழுவது நின்றுபோனால் பழைய சர்வர்கள் எப்படிப் பிழைக்கும்?

வாடகை கட்டி சர்வர் நடத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் இந்த வாரம் அங்கே போய் உட்காருங்கள். 0/24 என்று காட்டுகிற சர்வருக்கு யாரும் வர மாட்டார்கள். 1/24 ஆனால் இரண்டாவது ஆள் வருவார்.

கேள்வி: கஷ்டமான டன்ஜன்களுக்குத் தானாகச் சேரும் க்யூ இல்லை. நாமே குழுவில் சேர விண்ணப்பிக்க வேண்டும். எல்லோரும் ஸ்கோர் (இதுவரை ஆடியதை வைத்து வரும் மதிப்பெண்) கேட்கிறார்கள். உள்ளே போகாமல் ஸ்கோர் எப்படி வரும்? ஸ்கோர் இல்லாமல் உள்ளே எப்படிப் போவது?
– நிராகரிக்கப்பட்டவர்

வேலைக்கு அனுபவம் கேட்கிற கதைதான். இந்த வலி எனக்குப் புரிகிறது; ஆனால் அதற்குக் க்யூ மருந்தில்லை.

டெஸ்டினி என்ற விளையாட்டு 2014-ல் தன் முதல் ரெய்டை (பெரிய, கடினமான குழு ஆட்டம்), வால்ட் ஆஃப் கிளாஸை, மேட்ச்மேக்கிங் இல்லாமலே திறந்தது. ஆறு பேரை நீங்களே கொண்டுவர வேண்டும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசி, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஆடினால்தான் முடியும் இடம் அது. வாய் திறக்காத ஆறு அந்நியர்களை உள்ளே தள்ளினால் முதல் கதவிலேயே ராத்திரி முடிந்துவிடும். விளையாட்டுக்குள் ஆள் சேர்க்க வழி இல்லாததால் வெளியே ஆள் தேடும் தளங்கள் பெருகின. 2017-ல் டெஸ்டினி 2 ‘கைடட் கேம்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது: ஏற்கெனவே சேர்ந்திருக்கிற கிளான் என்ற நிரந்தரக் குழு, காலியிடத்துக்கு ஒரு தனி ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். அழகான எண்ணம். ஆனால் போக விரும்பியவர்கள் அதிகம், கூட்டிப்போக முன்வந்தவர்கள் குறைவு. விளையாட்டுக்குள்ளேயே முறையான விளம்பரப் பலகை, ஃபயர்டீம் ஃபைண்டர், 2023 கடைசியில்தான் வந்தது.

ஸ்கோர் விஷயம்: வார்கிராஃப்டின் மித்திக் பிளஸ் என்ற கடினமான டன்ஜன் குழுக்களில் வெளி ஆட்-ஆன் ஒன்று கொடுத்த எண்ணைப் பார்த்து ஆள் எடுக்கும் பழக்கம் ஊறிப்போய், 2021-ல் விளையாட்டே தனக்கென்று ஒரு மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. குழுத் தலைவர் பக்கம் நின்று பாருங்கள். ஒரு இடத்துக்கு வரிசையாக விண்ணப்பங்கள் வந்து விழுகின்றன; ஆளைப் பற்றித் தெரிந்தது ஒரு பெயர், ஒரு எண். எண்ணைத்தான் பார்ப்பார். இயந்திரம் வேண்டாம், மனிதர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கேட்டோம். அந்த மனிதர்கள் இயந்திரத்தைவிடக் கறாராக இருக்கிறார்கள்.

விண்ணப்பிப்பதை நிறுத்துங்கள். நீங்களே குழுவைத் தொடங்குங்கள். தலைவரிடம் யாரும் ஸ்கோர் கேட்பதில்லை. ‘நல்லா ஆடுறவங்க மட்டும்’ என்று எழுதாதீர்கள். நல்லா ஆடுகிறவர் எவரும் அதைப் பார்த்து வர மாட்டார். இப்படி எழுதுங்கள்: ‘முதல் முறை முயற்சி. வழியைப் படித்திருக்கிறேன். தோற்றாலும் கலைய வேண்டாம். ஒன்றரை மணி நேரம். மைக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கேட்டால் போதும். ஹீலர், ஒரு டேமேஜ் தேவை.’ இதில் முக்கியமான வரி நேரம்தான். எப்போது முடியும் என்று தெரியாத குழுவில்தான் பாதியில் ஓடுகிறார்கள்.

கேள்வி: என் பதின்மூன்று வயது மகன் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிறான். தானாகச் சேர்கிற ஆட்டம் பாதுகாப்பா, குழு பாதுகாப்பா?
– ஓர் அம்மா

தானாகச் சேர்கிற ஆட்டத்தில் வரும் அந்நியர் பெரும்பாலும் அந்த ஆட்டத்தோடு போய்விடுவார். அங்கே வருகிற தொல்லை வசவுதான். குரல் அரட்டையை அணைத்துவிட்டால் முக்கால்வாசி தீரும், விளையாட்டின் செட்டிங்ஸில் அதற்கு இடம் இருக்கும். குழுவில் அதே ஆட்கள் தினமும் வருகிறார்கள். நல்ல நட்பு வருவதும் அப்படித்தான், கவனிக்க வேண்டியதும் அதனாலேயேதான். கூட ஆடுகிறவர் யாராவது விளையாட்டை விட்டு வெளியே வேறொரு செயலியில் தனியாகப் பேசக் கூப்பிட்டாலோ, பரிசு தருகிறேன் என்றாலோ, படம் கேட்டாலோ, உடனே உங்களிடம் வந்து சொல்லவேண்டும் என்று அவனிடம் பேசிவையுங்கள். சொன்னால் விளையாட்டைப் பிடுங்கிவிட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது யாரு, அது யாரு’ என்று குழுவில் இருப்பவர்களின் பெயர்களைக் கேளுங்கள். உற்சாகமாகச் சொல்வான்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். ஸ்க்வாடில் நாலாவது ஆள் எப்போதும் ரேண்டம். ஒவ்வொரு முறையும் அவர் பாதியில் போய்விடுகிறார், அல்லது தனியாக எங்கோ ஓடிச் செத்துப்போகிறார். நல்ல நாலாவது ஆள் கிடைக்க என்ன செய்வது?
– மூவர் அணி

அவர் பக்கம் நின்று ஒரு ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். உள்ளே வருகிறார். மூன்று பேர் வேறு செயலியில் பேசிக்கொள்கிறீர்கள், அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. மூவரும் ஒரே இடத்தில் குதிக்கிறீர்கள், அவருக்கு யாரும் குறி போட்டுக் காட்டவில்லை. நல்ல கவசம் கிடைத்தால் மூவருக்குள் கைமாறுகிறது. அவர் விழுந்தால் ‘விடு, ரேண்டம்தானே’ என்கிறீர்கள்; அது மட்டும் எப்படியோ அவருக்குக் கேட்டுவிடுகிறது. நான் அந்த நாலாவது ஆளாகப் பலமுறை இருந்தவன். தனியாக ஓடிச் சாவது அப்போது அவ்வளவு தப்பாகத் தெரியாது.

ஒரு வாரம் இப்படி ஆடிப் பாருங்கள். பேச்சை விளையாட்டின் குரல் அரட்டைக்கே மாற்றுங்கள். குதிக்கும் இடத்தை மேப்பில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். முதலில் கிடைக்கிற மருந்துப் பெட்டியை அவர் காலடியில் போடுங்கள். அவர் பதில் பேசாவிட்டாலும் பரவாயில்லை. மைக் இல்லாதவர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் நிறையப் பேர், எதிரி நிற்கும் இடத்தைக் குறி போட்டே காட்டிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே அடுத்ததற்கு ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். அவருக்கு அழைப்பு அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய திரையான லாபிக்குத் திரும்பி, அந்த விளம்பரங்களை எல்லாம் மூடிவிட்டு அவர் அழைப்பைப் பார்க்க வேண்டும். போன் பழசாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.